ஒரு நாள் லீவுக்கு ஒரு காவியம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நிதானமாகப் பேசும் நிலையில் இல்லை. மூன்று வாரமாக இப்படித்தான். ஆபீசில், மாமாக் கடையில், லிப்டுக்குள், பெட்ரோல் போடும் வரிசையில் என்று கையில் அகப்பட்டவரை எல்லாம் நிறுத்தி வைத்து கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்தால் "டீ போடவா?" என்பாள் மனைவி. இப்போது "இன்னிக்கு யாரு மாட்டினாங்க?" என்கிறாள். இன்றைக்கு நீங்கள் மாட்டினீர்கள். உட்காருங்கள்.

கோலாலம்பூர் செராஸ் தாமான் கோனாட்டில் புதன்கிழமை ராத்திரியைப் பார்த்திருக்கிறீர்களா? ஏறக்குறைய ரெண்டு கிலோமீட்டர் நீளும் பசார் மாலாம், ராத்திரிச் சந்தை. பொரித்த கோழி வாசனை, டுரியான் வாசனை, அந்த நாற்றத் தவ்வூவின் வாடை, எல்லாம் ஒன்றாகக் கலந்து பிளாட்டின் நாலாவது மாடி வரைக்கும் ஏறிவரும். அன்றைக்கு அதோடு மழையும் சேர்ந்துகொண்டது. கீழே கூடாரத் துணியில் மழை அறைகிற சத்தம், ஜெனரேட்டர் உறுமல், ஹாரன். என் அண்ணன் மகள் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறாள். காலேஜில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். விக்டோரியா காலத்துக் கவிதையில் அணிநயமும் சமூகக் கருத்தும் என்று ஒரு கட்டுரை. மறுநாள் கொடுக்கணும். "சித்தப்பா, உவமைன்னா உவமை, உருவகம்னா உருவகம், பட்டியல் போட்டுட்டேன். அதுக்கும் ஏழைங்களுக்கும் என்ன சம்பந்தம்னு எழுதச் சொல்றாங்க. என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. எனக்கும் ஆறாம் படிவத்தில் படித்த ஆங்கிலக் கவிதை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பட்டியல் போட்டிருந்தது தாமஸ் ஹூட் எழுதிய சட்டை தைப்பவளின் பாட்டு. 1843 டிசம்பரில் 'பஞ்ச்' பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இதழில் பெயர் போடாமல் வந்தது. லண்டனில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து கூலிக்குச் சட்டை தைத்துத் தைத்தே தேய்ந்துபோகிற ஒருத்தியின் புலம்பல். "அதைப் படிக்காதே, தட்டு" என்றேன். மேசையில் தட்டிக் காட்டினேன். ஒரே சொல்லை மும்மூன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார் இல்லையா, அதுதான் ஊசி. உள்ளே போகிறது, வெளியே வருகிறது, மறுபடி உள்ளே போகிறது. அந்தப் பெண்ணால் நிறுத்த முடியாது, அதனால் கவிதையாலும் நிறுத்த முடியவில்லை. அணி என்பது மேலே ஒட்டின ஜிகினா இல்லம்மா, அவள் விரல்! இப்படிச் சொல்லிக்கொண்டே நான் உற்சாகம் தலைக்கேறி, நாற்காலியை விட்டு எழுந்து, வேலை என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல்லை மூன்று மூன்று தடவையாகக் கத்திக்கொண்டு மேசையைக் குத்த, திறந்திருந்த கதவில் பக்கத்து வீட்டு ஆயா நிற்கிறார்.

ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. உலு லங்காட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டினவர். தோட்டத்தை விற்று வீடு கட்டத் தொடங்கினதும் மகனோடு இந்தப் பிளாட்டுக்கு வந்தவர். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வெள்ளைக்காரத் துரை பேசின அந்த ஒரு சொல் நன்றாகத் தெரியும். "யாரு தம்பி, 'வொர்க்கு வொர்க்கு'ன்னு அழுவுறது?"

சொன்னேன். லண்டன், சட்டை, ஊசி, கூலி, பட்டினி. ஆயா நிலைப்படியில் சாய்ந்தபடியே கேட்டார். "அட, நம்ம நந்தன் கதையில்ல இது" என்றார். அப்புறம், கேளுங்கள், இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள், வலது உள்ளங்கையால் தொடையைத் தட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார்.

ஐயோ!

பல் போன வாய். காற்று பாதி, குரல் பாதி. ஆனால் அந்த நடை! தத்தித் தத்திப் போகிறது, ஓரிடத்தில் ஒரு சொல் தனியாக நின்று தொங்குகிறது, விழப்போகிறதே என்று நாம் பதறுவதற்குள் அடுத்த காலை ஊன்றி மறுபடி கிளம்பிவிடுகிறது. வயலோரத்துச் சேரி. கூரைமேல் சுரைக்கொடி. அந்தக் குடிசைகளை ஒவ்வொன்றாக நொண்டி நொண்டிச் சுற்றிக்காட்டுகிற மாதிரி ஒரு பாட்டு. கீழே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கிறது, மழை கொட்டுகிறது, எனக்கு முழங்கை மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நிற்கிறது. அண்ணன் மகள் கைத்தொலைபேசியில் பதிவு செய்யத் தோன்றாமல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ஆயாவின் அப்பா லயத்து வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பாடுவாராம். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயாவுக்கும் தெரியாது. அது கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் வரும் நொண்டிச் சிந்து என்பது, அன்று ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்காமல் தேடிக் கண்டுபிடித்தபோது, நான் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். எழுந்து நின்றே தட்டினேன். எதற்கு ஒளிக்கணும்?

இப்போது இதைக் கேளுங்கள். நொண்டிச் சிந்துக்கு ஏன் அந்தப் பெயர்? 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நொண்டி நாடகம் என்று ஒரு கூத்து வகை இருந்தது. திருடன் ஒருவன் திருடப் போய் மாட்டி, காலை இழந்து, கடைசியில் தெய்வத்தின் அருளால் கால் வளரப்பெற்று, தன் கதையைத் தானே மேடையில் நொண்டிக்கொண்டு சொல்வான். சீதக்காதி மேல்கூட ஒரு நொண்டி நாடகம் உண்டு. அடியைப் பாதியாகப் பிளந்து, முதல் பாதி முடிகிற இடத்தில் ஒரு தனிச்சொல்லைத் தொங்கவிடுவதுதான் அந்த நடையின் சூட்சுமம். மோனையும் எதுகையும் இரண்டு பக்கமும் கைபிடித்துத் தாங்கிக்கொள்ளும். இந்தச் சிந்தைக் கொண்டுவந்துதான் கோபாலகிருஷ்ண பாரதியார் சேரியைப் பாடுகிறார். காலில்லாதவனின் நடையில், நிலமில்லாதவனின் தெரு! வெண்பா போட்டிருக்கலாம், விருத்தம் போட்டிருக்கலாம், மனுஷர் போடவில்லையே! அண்ணன் மகள் கேட்ட கேள்விக்கு இதைவிடப் பதில் வேண்டுமா? அணிக்கும் ஏழைக்கும் என்ன சம்பந்தமா? பாட்டே நொண்டுகிறதம்மா, காதில் விழவில்லையா என்று மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளுக்கு போன் போட்டுக் கத்தினேன். கட்டுரையை ராத்திரியே அனுப்பிவிட்டாளாம். அனுப்பிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாளாம்.

சரி, அவள் தூங்கட்டும். நாம் பாரதியார் வாழ்ந்த மாயூரம் போவோம். கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள், விக்டோரியா ராணி காலத்து மாயூரம். காவிரிக்கரை. அந்த ஒரே ஊர் வட்டாரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறார். முன்சீப்பாக வேதநாயகம் பிள்ளை கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிறார், பிற்பாடு 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை அச்சிட்டுத் தமிழின் முதல் நாவலைத் தரப்போகிறவர். 1876 முதல் 78 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் அவர் ஊருக்குச் சோறு போட்டதைப் பார்த்து உருகி அவர்மேல் ஒரு கீர்த்தனையே பாடினார் நம் பாரதியார், சிவனைத் தவிர வேறு யாரையும் எளிதில் பாடாத மனுஷர்! உ.வே.சாமிநாதையர் சின்னப் பையனாக அங்கே வந்து கொஞ்ச காலம் பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொள்கிறார், தமிழுக்கு இடைஞ்சல் என்று பிள்ளையவர்கள் விரும்பவில்லை என்று தெரிந்து விட்டுவிடுகிறார். இத்தனை பேரும் ஒருவரையொருவர் தெருவில் பார்த்துக் கும்பிட்டுக்கொண்ட ஊர்! டிக்கன்ஸ் ஆலைப் புகையை நாவலாக்கின அதே விக்டோரியா காலம். எனக்கு ஒரு டைம் மெஷின் கிடைத்தால் ஷேக்ஸ்பியரையும் பார்க்க வேண்டாம், ராஜராஜனையும் பார்க்க வேண்டாம், நேராக மாயூரத்தில் ஒரு திண்ணையில் இறக்கிவிடச் சொல்வேன்.

திண்ணை என்றதும் இன்னொன்று. பாரதியார் தன் நந்தன் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நடையாய் நடந்தார். பிள்ளையவர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இலக்கணப் பிழை இருக்கிறதே! ஒரு நாள் மத்தியானம் பிள்ளையவர்கள் உள்ளே படுத்திருக்க, பாரதியார் திண்ணையில் காத்திருந்தபடியே தன் பாட்டுக்கு ஒரு கீர்த்தனையைப் பாடத் தொடங்கிவிட்டார். உள்ளே இருந்தவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுந்து வந்து பாயிரம் பாடிக் கொடுத்துவிட்டார். இதை உ.வே.சா. எழுதிவைத்திருக்கிறார். இலக்கணப் பிழை இருந்ததா? இருந்திருக்கும், ஐயா. பிள்ளையவர்கள் சொன்னால் இருக்கத்தான் செய்யும். அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

நூல் 1861இல் அச்சேறியது. அச்சேற உதவினது யார் தெரியுமா? காரைக்காலில் அதிகாரியாக இருந்த சீசே என்ற பிரெஞ்சுத் துரை. பாட்டைக் கேட்டு அவ்வளவு மயங்கிவிட்டார். ஆக, நான் விக்டோரியா விக்டோரியா என்று குதித்துக்கொண்டிருக்கிற இந்தப் புத்தகம் விக்டோரியாவின் கொடி பறக்காத மண்ணின் ஆதரவில் வந்தது. ஆபீஸ் நண்பர் ஒருவர் இதைச் சொல்லி என்னை மடக்கப் பார்த்தார். மடங்குகிற ஆளா நான்!

இனிமேல்தான் விஷயமே. சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதை இருக்கிறது. அவர்தான் நம் ஆதனூர் நந்தனார். திருப்புன்கூரில் நந்தி விலகினது, தில்லையில் தீயில் இறங்கினது, எல்லாம் அங்கேயே உண்டு. ஆனால் சேக்கிழாரில் இல்லாத ஒரு ஆளைப் பாரதியார் புதிதாகக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் உட்காரவைத்தார். நந்தனின் ஆண்டை. வேதியர். நிலக்காரர். அந்த ஒரு ஆள் வந்து உட்கார்ந்ததும் பக்திக் கதை பண்ணைக் கதையாகிவிட்டது! பன்னிரண்டாம் நூற்றாண்டு நந்தனுக்கும் சிவனுக்கும் நடுவில் சாதி மட்டும்தான் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நந்தனுக்கும் சிவனுக்கும் நடுவில் முதலாளியும் நிற்கிறார். கதை எதைப் பற்றி என்று என்னைக் கேட்டால், மோட்சம் என்று சொல்லமாட்டேன். லீவு! மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போய்வர ஒரு நாள் லீவு! ஆளை வாட்டி எடுக்கிற அந்த நீண்ட கீர்த்தனை முழுவதும் ஒரு லீவு விண்ணப்பம்!

கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, எட்ட நின்று நந்தன் கேட்கிறான். ஆண்டை சிரிக்கிறார், பிறகு சீறுகிறார், உனக்கு எதற்குச் சிதம்பரம் என்கிறார். அவன் மறுபடி கேட்கிறான், வேறு ராகத்தில் கேட்கிறான், அவர் வேறு தாளத்தில் விரட்டுகிறார், இவன் சிந்தில் கெஞ்சுகிறான், அவர் கண்ணியில் ஏசுகிறார், கேள்வியும் பதிலும் பந்து மாதிரி போய்ப் போய் வருகிறது, ஒவ்வொரு தடவையும் பந்து நந்தன் முகத்தில்தான் வந்து விழுகிறது. சுற்றி நிற்கிற சேரிக் கிழவர்கள்கூட நமக்கேன் வம்பு என்று அவனைத் தடுக்கிறார்கள். அவனோ நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே பைத்தியக்காரப் பட்டம் வாங்குகிறான். கடைசியில் ஆண்டை போடுகிறார் பாருங்கள் ஒரு நிபந்தனை, நாற்பது வேலி நிலத்தையும் உழுது நட்டு அறுத்து முடித்துவிட்டுப் போ என்று! ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, நாற்பது வேலி ஏறக்குறைய 267 ஏக்கர், நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், ஒரு மனுஷன், ஒரு ராத்திரி, 267 ஏக்கர்! சிவனின் பூதகணங்கள் வந்து செய்து முடிக்கின்றன. விடிந்ததும் முற்றிய கதிரைப் பார்த்து ஆண்டை வெலவெலத்துப் போய் நந்தன் காலில் விழுகிறார். இன்னொரு நாள் இதை ஆயாவுக்குச் சொல்லி முடித்தபோது அவர் நிலைப்படியில் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். "நமக்கு எந்தப் பூதமும் வரல தம்பி. நானூறு மரமும் நாமதான் வெட்டுனோம்."

தைப்பூசத்தை ஒட்டி ராத்திரியில் கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு ரதம் கிளம்புவதைப் பார்க்கணும் என்று சின்ன வயசில் ஆயாவுக்கு ஆசை. பூசத்தன்றைக்குப் போவதில் சிக்கல் இல்லை. ரதத்தைப் பார்ப்பதானால் முன்கூட்டியே கிளம்பணும். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் லீவு கேட்பாராம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பாராம் கிராணி. கேட்டது எத்தனை வருஷம் என்று ஆயா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார், நடுவில் விட்டுவிட்டார்.

எனக்குத் தலை சுற்றியது. அந்தச் சுற்றலிலேயே இன்னொன்று அகப்பட்டது, அதைச் சொல்லாமல் உங்களை விடமாட்டேன். 1843! ஹூட்டின் சட்டைப் பாட்டு வந்தது 1843 டிசம்பர். சுரங்கத்திலும் ஆலையிலும் கிடந்த குழந்தைகளுக்காக எலிசபெத் பேரட் பிரவுனிங் எழுதின கவிதை வந்தது அதே 1843 ஆகஸ்ட். இந்தியாவில் அடிமை என்ற உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கக்கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஐந்தாம் சட்டம் போட்டதும் அதே 1843! மூன்றும் ஒரே வருஷம்! அப்புறம் அடிமையை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி 1. நந்தன் சரித்திரம் அச்சானது அதற்கு முந்தின வருஷம். சட்டப் புத்தகத்தில் அடிமை இல்லை, கீர்த்தனையில் இருக்கிறான், வாயைப் பொத்திக்கொண்டு லீவு கேட்கிறான். அதே காலத்தில் தஞ்சாவூர்ச் சீமைப் பண்ணையாட்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் அதன் எதிர்க்கரைக் கரும்புத் தோட்டங்களுக்கும் வந்துகொண்டிருந்தார்கள். பாரதியார் பிறந்த நரிமணம் எங்கே இருக்கிறது? நாகப்பட்டினத்துப் பக்கம்! அவர் நந்தன் கதையைக் காலட்சேபம் செய்த ஊர்களில் ஒன்று எது? நாகப்பட்டினம்! இப்போது யோசித்துப் பாருங்கள், ஒரு வீட்டுக் கூடத்தில் பாரதியார் பாடுகிறார், உள்ளே உட்கார முடியாதவன் எவனோ ஒருவன் தெருவில் நின்று கேட்கிறான், அடுத்த வாரம் மூட்டையோடு மூட்டையாகக் கப்பலில் ஏறுகிறான், மூட்டைக்குள் ஒன்றுமில்லை, வாய்க்குள் நொண்டிச் சிந்து இருக்கிறது. இதற்கு என்னிடம் பத்திரச் சாட்சி கிடையாது. கற்பனைதான். ஆனால் விக்டோரியா ராணி உயிரோடு இருந்தபோதே, 1890களின் நடுவில், இதோ பக்கத்துக் காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் கன்று ஊன்றிவிட்டார்கள். அந்த மரங்களின் பேரன் பேத்திகளைத்தான் ஆயா வெட்டினார். அவர் வாயில் அந்தச் சிந்து இருந்தது. என் காது சாட்சி!

சுப்பிரமணிய பாரதிக்கும் இந்தக் காது இருந்தது. 1908இல் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கும் கலெக்டர் விஞ்சுக்கும் நடந்த மோதலைப் பாட்டாக்கினபோது அவர் எடுத்துக்கொண்டது நந்தன் சரித்திர மெட்டைத்தான். கேட்கிறவன் காதில் கலெக்டர் தானாகவே பண்ணையார் ஆகிவிடுவார். வார்த்தையே தேவையில்லை, மெட்டே குற்றப்பத்திரிகை! 'பாஞ்சாலி சபத'த்திலும் பெரும்பகுதி நொண்டிச் சிந்துதான். சூதாடித் தோற்ற சபைக்கு நொண்டி நடையைத் தவிர வேறென்ன பொருந்தும்?

மறுவாரம் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் எம்ஆர்டி ரயிலில், காதில் ஒரு பழைய கச்சேரிப் பதிவு, மாஞ்சி ராகத்தில் 'வருகலாமோ'. கோயிலுக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று நந்தன் கேட்கிற கீர்த்தனை. முன்னால் நூறு தடவை கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில், ரேடியோவில், காதோரமாகக் கடந்து போயிருக்கிறது. அன்றைக்குத்தான் அந்தக் கடைசி எழுத்து என்னைப் பிடித்தது. ஓ! அந்த ஒற்றை ஓகாரம்! நன்னூல் ஓகாரத்துக்கு எட்டுப் பொருள் சொல்லும், அதில் வினா உண்டு, எதிர்மறை உண்டு, சொல்லாமல் விட்ட மிச்சத்தைச் சுட்டும் ஒழியிசையும் உண்டு. இந்தப் பாட்டில் எது? எல்லாமும்தான்! வரலாமா என்று கேட்கிறான், வரமுடியாது என்று தெரிந்தே கேட்கிறான், கேட்டுவிட்டு மிச்சத்தை விழுங்குகிறான், அத்தனையையும் அந்த ஓ தூக்கிக்கொண்டு நிற்கிறது. பாடுகிறவர் அதை நீட்ட நீட்ட அந்தக் கோயில் வாசல் தள்ளித் தள்ளிப் போகிறது, பாடகி மறுபடி எடுக்கிறார், மறுபடி நீட்டுகிறார், இந்தத் தடவை விடுவார்களோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, முடிவு தெரிந்த கதைதான், தெரிந்தும் அடித்துக்கொள்கிறது. மாலூரி போனது, காக்ரேன் போனது, புக்கிட் பிந்தாங்கில் கூட்டம் இறங்கி ஏறியது, நான் இறங்கவேண்டிய பாசார் செனியும் போனது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவி கைப்பையைத் திறந்து ஒரு டிஷ்யூ எடுத்து நீட்டினபோதுதான் கன்னம் நனைந்திருப்பதே தெரிந்தது. செமந்தானில் இறங்கித் திரும்பினேன். ஆபீசுக்கு நாற்பது நிமிஷம் தாமதம். நாற்பது! நாற்பது வேலி! அந்தப் பொருத்தத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை ஆபீசில் யாராலும் பகிர்ந்துகொள்ள முடியவில்லை.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்டுத்தான் தீருவீர்கள். தில்லையில் நந்தன் அப்படியே உள்ளே போகவில்லை. தீயில் இறங்கிப் பூணூல் போட்ட முனிவராக எழுந்த பிறகுதான் போகிறான். இது சேக்கிழாரிலிருந்து வருவது, பாரதியாரும் மாற்றவில்லை. ஆண்டையைப் புதிதாகப் படைத்த கைக்கு இதை மாற்றத் துணிச்சல் வரவில்லையே என்று அண்ணன் மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அது தொண்டையில் முள்தான். ஆனால் திருப்புன்கூரைப் பாருங்கள்! வெளியே நின்றவன் பார்க்கமுடியவில்லை என்று சிவன் நந்தியைத் தள்ளி உட்காரச் சொன்ன கதை. இன்றைக்கும் அந்தக் கோயிலில் நந்தி நேராக இல்லை, ஒதுங்கித்தான் படுத்திருக்கிறது. கல் நந்தி ஒதுங்கியிருக்கிறது! இந்த ஒரு காட்சிக்காக ஆயிரம் முள்ளை விழுங்குவேன்.

போன திங்கட்கிழமை பாஸ் அறைக்குப் போனேன். தைப்பூசத்தை ஒட்டி ஒரு நாள் லீவு வேண்டும். ஆயாவை ரதம் பார்க்கக் கூட்டிப்போகிறேன், சக்கர நாற்காலியும் சொல்லிவைத்துவிட்டேன். உள்ளே நுழையும்போதே என் மனசில் மேளம். எட்ட நின்றேன். கையை வாய்க்குக் கொண்டுபோகாத குறை. நாற்பது வேலி உழச் சொல்வார், ஒரு வருஷக் கணக்கை ராத்திரிக்குள் முடிக்கச் சொல்வார், நான் சிந்தில் பதில் சொல்லணும் என்று தயாராக நின்றேன். அவர் கணினியிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "போ லா, அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டார். நாலே நொடி. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

தைப்பூசத்துக்கு இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல் இருக்கிறது. ஆயா சிவப்புக் கரைப் புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டார். தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கதவைத் தட்டுகிறார்.

"நாளைக்கா தம்பி?"

"இல்ல ஆயா, இன்னும் நாள் இருக்கு."

"சரி. நாளைக்குக் கேக்கிறேன்."

மூட்டு வலியில் இடது காலை இழுத்து இழுத்துத் தன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார். நான் கதவைச் சாத்தாமல் நின்று கேட்கிறேன். ஜப்பான் செருப்பு தரையில் உரசுகிறது, ஓரிடத்தில் நிற்கிறது, மறுபடி கிளம்புகிறது. தாளம் தப்பவில்லை.